ஷிப்டும் விலக்கும்: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் மாதவிடாய் நலத்தின் வரலாறு

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், உடுமலை என்று நொய்யலின் இரு புறமும் பரந்துள்ள பின்னலாடை வட்டாரத்தில் பெண்களின் உடல்நலம் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும், அப்பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்ற முடிவிலிருந்தே புறப்படுகின்றன. மாதவிடாய்க் காலத்தில் எதைப் பயன்படுத்த வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எதை உண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் நோயில் பாதி குறைந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் பல திட்டங்கள் எழுந்தன. அவற்றுள் சில நல்ல பயனையும் தந்தன. ஆனால் ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் இவ்வட்டாரத்துப் பெண்கள் தோட்டத்திலிருந்து பருத்தி அரவை ஆலைக்கும், அங்கிருந்து பனியன் கம்பெனிக்கும் நூற்பாலை விடுதிக்கும் சென்று சேர்ந்த வழியைத் தொடர்ந்து பார்த்தால், அவர்களுக்குத் தெரியாமல் இருந்தவற்றைவிட, தெரிந்தும் செய்ய முடியாமல் போனவையே மிகுதி என்பது புலப்படும். மாற்றுத் துணி கையில் இருந்தும் மாற்றுவதற்குக் கதவுள்ள அறை இல்லாததும், அறை இருந்தும் அதில் தண்ணீர் வராததும், தண்ணீர் வந்தும் எந்திரத்தை விட்டு எழுந்து போக நேரம் கிடைக்காததுமே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

விலக்கு என்னும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. புறநானூற்றின் 299-ஆம் பாடலில், முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் விலக்கான மகளிர், போர்க்களத்துக் குதிரைகளுக்கு உவமையாக வருகின்றனர். கொங்கு நாட்டு வேளாண் குடிகளிடையே அண்மைக்காலம் வரை இவ்வழக்கம் வீட்டின் அமைப்போடும் உறவுமுறையோடும் பின்னிக் கிடந்தது. பெண் பெரியவளானதும் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து குடிசை கட்டுவதும், அவள் அதில் தனித்திருக்கும் நாள்களில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பதும், பின்னர் தெரட்டிச் சீர் என்னும் பூப்புச் சடங்கு செய்து வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதும் முறையாக இருந்தன. அதன் பின் மாதந்தோறும் அவள் வீட்டுக்குத் தூரமாகும் மூன்று நாளும் அடுப்படியும் பூசை மாடமும் அவளுக்கு விலக்கப்பட்டன. திண்ணையிலோ தோட்டத்துச் சாளையிலோ, தனித் தட்டும் தனிச் செம்பும் தனிப் பாயுமாக இருந்தாள். தீட்டு என்ற கருத்து பெண்ணின் உடலை இழிவாகக் கருதியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதே வேளையில், சமையலும் தண்ணீர் சுமத்தலும் இல்லாத மூன்று நாள்களை அது அவளுக்குத் தந்தது என்பதையும், நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தவளுக்கு மட்டுமே தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பண்ணையத்தில் கூலிக்குப் போன குடும்பங்களின் பெண்கள் அந்த நாள்களிலும் களையெடுத்தார்கள், கதிரறுத்தார்கள், பருத்தி எடுத்தார்கள். தீட்டின் இழிவு அவர்களுக்கும் இருந்தது, ஓய்வு இருக்கவில்லை.

துணியின் கதையும் இதே போலப் பிளவுபட்டது. நைந்த பருத்திச் சேலையையும் வேட்டியையும் கிழித்து மடித்து வைத்துக்கொள்வதே எங்கும் இருந்த முறை. வசதியான வீடுகளில் தீட்டுத் துணியை வெளுப்பது கொங்கில் ஏகாலி என்று அழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் கடமையாக்கப்பட்டது; தமிழகத்தின் பல பகுதிகளில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் துணியை வெளுத்த புதிரை வண்ணார்மீதும் இதே சுமை ஏற்றப்பட்டு, அந்தச் சுமையே அவர்களைத் தாழ்த்துவதற்குக் காரணமாகவும் காட்டப்பட்டது. இன்றைய மருத்துவ அறிவு பருத்தித் துணியைத் தீங்கானது என்று சொல்வதில்லை. சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைத்த துணி பாதுகாப்பானதே என்றுதான் சொல்கிறது. தீங்கு காயவைக்கும் இடத்தில் இருந்தது. ஆண் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத் துணியைக் கொல்லைப்புறச் சந்திலும், கட்டிலுக்கு அடியிலும், மற்றொரு சேலையின் அடியில் மறைத்தும் உலர்த்தியபோது, அரை ஈரத்தில் கிருமிகள் பெருகி, அரிப்பும் வெள்ளைப்படுதலும் பிறப்புறுப்புத் தொற்றும் வந்தன. வெட்கம் எனப்பட்ட ஒன்று, வெயில் என்னும் செலவில்லாத மருந்தைப் பெண்ணிடமிருந்து பறித்தது என்பதே இதன் பொருள்.

1860-களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற ரயில் பாதை திருப்பூர் வழியாக அமைந்த பின், ஊர் பருத்திச் சந்தையாக வளர்ந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் அரவை ஆலைகளில் பஞ்சு பரத்தவும், தூசு பொறுக்கவும், எந்திரத்துக்கு ஊட்டவும் பெண்கள் கூலிக்குச் சேர்ந்தனர். கோயம்புத்தூரில் 1888-இல் தொடங்கிய முதல் நூற்பாலையைத் தொடர்ந்தும், 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் இன்னும் வேகமாகவும் பஞ்சாலைகள் பெருகியபோது, நூலைச் சிட்டமாக்கும் ரீலிங் பிரிவிலும் கழிவுப் பஞ்சு பொறுக்கும் இடத்திலும் பெண்களே மிகுதியாக இருந்தனர். அவர்களின் உடலைப் பற்றி அரசு சிந்திக்கத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை நாளுக்குப் பதினொரு மணி என்று வரையறுத்தது. 1934-இல் சென்னை மாகாணம் மகப்பேற்றுப் பயன் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறையையும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியதோடு, மாலை ஏழு மணிக்குப் பின் காலை ஆறு மணி வரை பெண்களை வேலை வாங்குவதைத் தடுத்தது.

இச்சட்டங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் உண்மையான போராட்டமும் அக்கறையும் இருந்தன. எனினும் அவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஓர் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. சட்டம் பெண்ணைத் தாயாகவே கண்டது. கருவுற்றவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விடுப்பும் பணமும் உண்டு. வேலைக்கு வரும் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நேரும் ஒன்றைப் பற்றி இச்சட்டங்களில் சொல்லே இல்லை. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளில் நடந்ததோ இன்னும் கசப்பானது. இரவு வேலைத் தடையும் மகப்பேற்றுச் செலவும் காரணமாகக் காட்டப்பட்டு, நாற்பதுகளுக்குப் பின் பெண்கள் படிப்படியாக ஆலைகளிலிருந்து ஒதுக்கப்பட்டனர். பாதுகாப்புக்கென எழுதப்பட்ட விதி அவர்களை வேலையிலிருந்தே விலக்கும் விதியாகியது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1925-இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் நிலையத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. முதல் ஐம்பதாண்டுகளில் அது உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்த, ஆண்களே மிகுந்த தொழில். நிட்டிங் எந்திரமும் கட்டிங் மேசையும் ஆண்களிடம் இருக்க, டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கும், பிசிறு வெட்டுவதற்கும், டேமேஜ் பார்த்து அடுக்கிக் கட்டுவதற்கும் பெண்களும் சிறுவர் சிறுமியரும் வந்தனர். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்னும் வணிகர் டி-சர்ட் கேட்டு வந்ததை ஏற்றுமதியின் தொடக்கமாகத் திருப்பூரில் சொல்வார்கள். எண்பதுகளில் ஏற்றுமதி ஆர்டர்கள் குவியத் தொடங்கியதும் பெண்கள் ஓவர்லாக், ஃபிளாட்லாக் எந்திரங்களிலும் உட்கார்ந்தனர். நூற்றாண்டு முடிவதற்குள் தொழிலாளரில் பெரும்பங்கினர் பெண்கள் என்ற நிலை வந்துவிட்டது. பஞ்சப்படி கோரி 127 நாள்கள் நடந்த 1984-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த வீறும் ஒற்றுமையும் கழிப்பறைக்காக ஒருநாளும் திரண்டதில்லை என்பது, கூலி பேசும் மேசையின் இரு பக்கத்திலும் ஆண்களே உட்கார்ந்திருந்ததோடு தொடர்புடையது.

பனியன் கம்பெனியின் காலக்கணக்கு ஷிப்டு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஆர்டர் அவசரமென்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டு. இதற்கிடையே மதிய உணவுக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரமும், காலையும் மாலையும் பத்து அல்லது பதினைந்து நிமிட டீ இடைவேளையும் உண்டு. தொழிற்சாலை விதிகள் இருபத்தைந்து பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்கின்றன. இந்த விதியை ஒரு குறையுமின்றிப் பின்பற்றும் கம்பெனியை எடுத்துக்கொண்டாலும், பத்து நிமிட இடைவேளையில் இருபத்தைந்து பெண்களும் அந்த ஒரு கழிப்பறைக்குப் போக நேர்ந்தால், ஒருவருக்குக் கிடைப்பது இருபத்து நான்கு விநாடி. மாடிப்படி இறங்கி வருவதும், வரிசையில் நிற்பதும், டீ குடிப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவள் எழுந்து போனால் கூலி குறைகிறது. லைனில் தைப்பவள் எழுந்து போனால் அவளுக்கு அடுத்தவளிடம் துணி தேங்குகிறது, சூப்பர்வைசரின் குரல் உயர்கிறது. ஆகவே காலையில் வைத்த துணியையோ நாப்கினையோ மாலை வரை மாற்றாமல் இருப்பதும், சிறுநீர் கழிக்கப் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் பழக்கமாயின. தொடை இடுக்குப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும், எரிச்சலும், கோடைக் காலத்து மயக்கமும் இதன் விளைவுகள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இப்பெண்களில் பலருக்கு நன்றாகவே தெரியும். அந்த அறிவைச் செயலாக்குவதற்கான இடம் ஷிப்டின் கட்டமைப்பில் இல்லை.

தண்ணீரின் நிலை இதைவிட மோசம். நொய்யல் மழை மறைவுப் பகுதியில் ஓடும் சிற்றாறு. சாயப்பட்டறைகள் பெருகிய பின் அதில் ஓடியது சாயக்கழிவே. கழிவின் உப்பு நிலத்தடியில் இறங்கியதால் கிணறும் ஆழ்துளைக் கிணறும் கெட்டன. ஊரில் நல்ல தண்ணீர் என்றும் உப்புத் தண்ணீர் என்றும் இரண்டு வகை தண்ணீர் வழக்கத்துக்கு வந்தது. நல்ல தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் வரும், அல்லது லாரியில் விலைக்கு வரும். அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உப்புத் தண்ணீரையே நம்பினார்கள். உப்பு மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதில் அலசிய துணி காய்ந்ததும் விறைப்பாகி, நடக்கும்போது தோலை உராயும். தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் தங்கிய லைன் வீடுகளில், வரிசையாக உள்ள எட்டுப் பத்து ஒற்றை அறைகளுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும் பொதுவாக இருந்தன. இந்நிலையில் நாப்கினுக்கு மாறியவர்களைச் சிக்கனமற்றவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. துவைக்கத் தண்ணீரும் உலர்த்த இடமும் இல்லாத இடத்தில், விலை கொடுத்தேனும் தூக்கி எறியக்கூடிய ஒன்றே அவர்களுக்கு வழியாகத் தோன்றியது. காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தின் திட்டம் 2005-06 அளவில் செயல்படத் தொடங்கியபோது, அதன் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஆணை, வேலை இழப்பாகவும் ஏற்றுமதிச் சரிவாகவும் பேசப்பட்ட அளவுக்கு, பெண்கள் துவைக்கும் தண்ணீரின் கதையாகப் பேசப்படவில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் பெண்களை வெளியேற்றிய நூற்பாலைகள், தொண்ணூறுகளில் அவர்களை மீண்டும் அழைத்தன. இம்முறை வந்தவர்கள் திருமணமாகாத இளம்பெண்கள். திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் ஆலைகள், வறண்ட மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து, பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆலை வளாகத்து விடுதியில் தங்கவைத்து, முடிவில் 30 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்ன ஏற்பாடு சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்ற பெயர்களால் அறியப்பட்டது. திருமணச் செலவுக்குப் பணம் சேரும் என்ற வாக்குறுதியே இதன் ஈர்ப்பு. இடையில் நோயுற்று ஊர் திரும்பினால் அந்தத் தொகை போய்விடும் என்பதே இதன் கட்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகின் முன் வைத்தது. பெரியவளாகி ஓரிரு ஆண்டுகளே ஆன பெண், தாயும் பாட்டியும் அருகில் இல்லாமல், பஞ்சுத் தூசியிலும் வெப்பத்திலும், வாரத்துக்கு வாரம் மாறும் பகல் இரவு ஷிப்டுகளில் நாள் முழுவதும் நின்று நடந்து வேலை செய்தபோது, மாதவிடாய் தள்ளிப்போவதும், மிகுதியாகப் போவதும், வயிற்று வலியும், இரத்தசோகையும் அவளிடம் பரவலாகக் காணப்பட்டன. எவரிடம் சொல்வது என்ற கேள்விக்கு விடுதியில் விடை இல்லை. வார்டனும் சூப்பர்வைசரும் ஆலையின் ஆட்கள்.

இங்கே ஒரு தீர்ப்பைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். பெண்களுக்கான இரவு வேலைத் தடையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அத்தடை அரசமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று நீக்கி, இரவு ஷிப்டில் பெண்களை வேலைக்கு வைக்கப் பல நிபந்தனைகளை விதித்தது. தனிப் போக்குவரத்து, காவல், கழிப்பறை ஆகியவற்றோடு, இரவு ஷிப்டுப் பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் ஊதியத்தோடு கூடிய கூடுதல் விடுமுறை தரப்பட வேண்டும் என்பதும் அந்நிபந்தனைகளில் ஒன்று. மாதவிடாய் விடுப்பு பற்றி இந்தியாவில் பெரிய விவாதம் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆலைப் பெண்களின் பெயரால் அது இங்கே தீர்ப்பாக எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டு நூற்பாலைகளில் விரைந்து பரவியது. இந்த நிபந்தனை அந்த வேகத்தில் பரவவில்லை.

விடுப்புக்குப் பதிலாக வந்தது மாத்திரை. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழகத்தின் ஆயத்த ஆடை, நூற்பாலைப் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரிடம் பேசி வெளியிட்ட புலனாய்வுச் செய்தியில், மாதவிடாய் வலி என்று சொன்னதும் பெயரும் காலாவதி நாளும் தெரியாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே எடுத்துக் கொடுத்து வேலையில் அமர்த்தியது பதிவாயிற்று. தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, முதலுதவிப் பெட்டி பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்றும் சொன்னது. வெறும் வயிற்றில் அடிக்கடி விழுங்கும் வலிநிவாரணி இரைப்பையைப் புண்ணாக்கும். மாதா மாதம் வரும் கடும் வலிக்குப் பின்னால் கருப்பைக் கட்டியோ வேறு நோயோ இருந்தால் அதையும் மறைத்துவிடும். செய்தி வெளியான பின் தமிழக அரசு ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்பதாக அறிவித்தது. அப்பெண்கள் மாத்திரையைக் கேட்டு வாங்கினார்கள் என்பதும் உண்மை. அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் கூலியோடு வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும் என்ற நிலையில், மாத்திரை அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வாக இருந்தது. அதைக் கேட்டதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதே வட்டாரத்தின் மேற்கு விளிம்பில், இதற்கு முன்பே வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த அ. முருகானந்தம், 1998-இல் திருமணமான பின் தம் மனைவி பழந்துணி பயன்படுத்துவதைக் கண்டு, மலிவான நாப்கினைத் தாமே செய்ய முனைந்தார். பருத்தி நாட்டில் பிறந்தவர் பஞ்சைத்தான் முதலில் எடுத்தார். பஞ்சில் செய்தவை பயன்படவில்லை. பஞ்சு ஈரத்தை விரைந்து உறிஞ்சுமே தவிர, உடலின் அழுத்தத்தில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பெரிய நிறுவனங்களின் நாப்கினுக்குள் இருப்பது பைன் மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் கூழ் என்பதைக் கண்டறிய அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்தப் பொருளின் வரலாறே போரில் தொடங்குகிறது: முதல் உலகப்போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சுக்கு மாற்றாக அமெரிக்க நிறுவனம் ஒன்று செய்த மரக்கூழ்த் தாளைச் செவிலியர்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டதைக் கண்டே, அந்நிறுவனம் 1920 அளவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முருகானந்தம் கூழ்த் தகட்டை அரைத்துப் பஞ்சு போலாக்கும் எந்திரம், அதை அச்சில் அழுத்தும் எந்திரம், மெல்லிய உறையில் வைத்து ஒட்டும் எந்திரம், புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கும் பெட்டி என்று வேலையை நான்காகப் பிரித்து, ஒரு சிறு அறையில் மகளிர் குழுவினர் இயக்கக்கூடிய அளவுக்கு எளிதாக்கினார். மனைவியும் தாயும் விலகிப் போகும் அளவுக்கு ஊராரின் ஏச்சைத் தாங்கினார். பின்னர் குடும்பம் மீண்டும் கூடியது. 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எந்திரத்தை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே விற்றதுதான் அவர் செய்தவற்றுள் தலையாயது.

அரசின் பங்காகத் தமிழகத்தில் 2011-12-இல் தொடங்கிய புதுயுகம் திட்டம், 10 முதல் 19 வயது வரையுள்ள ஊரக வளரிளம் பெண்களுக்கு, ஆறு நாப்கின்கள் கொண்ட மூன்று பொதிகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தந்தது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் சிறையிலுள்ள பெண்களுக்கும் வழங்கியது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வெளிப்படையாக நாப்கின் கொடுக்கப்பட்டதும், கிராமச் செவிலியர் இதைப் பற்றி வகுப்பில் பேசியதும் ஒரு தலைமுறையின் கூச்சத்தைப் பெரிதும் குறைத்தன. 2015-16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவதாகப் பதிவாயிற்று. நாப்கின் மீதான சரக்கு சேவை வரி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆயினும் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒன்பது நாப்கின் என்பது, நாளுக்கு மூன்று வீதம் மூன்று நாளைக்கே போதும். பதினாறு வயதில் பள்ளியை நிறுத்தி ஆலை விடுதிக்குப் போகும் பெண்ணுக்கு, அவளுடைய ஊர் அங்கன்வாடியின் பதிவேட்டில் பெயர் இருந்தாலும், அவள் இருக்கும் இடத்தில் அந்தப் பொதியைப் பெறுவது எளிதன்று. மேலும் அதே கணக்கெடுப்பு, தமிழகத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்றும் காட்டியது. நாப்கின் உள்ள கைகளிலேயே சோகையும் இருந்தது.

தொழிற்சாலைக்குள் விழிப்புணர்வுப் பணி வந்தது பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குபவர்களின் அழுத்தத்தால். பிஎஸ்ஆர் என்னும் அமைப்பு 2007-இல் தொடங்கிய ஹெர்புராஜெக்ட் என்னும் திட்டம் பல ஆசிய நாடுகளின் ஆடை ஆலைகளில், தொழிலாளப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்றுவித்து, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குச் செய்தி சேரும் முறையைப் பரப்பியது. வங்கதேசத்தில், ஆலைத் தரையில் கிடந்த துண்டுத் துணியைப் பெண்கள் மாதவிடாய்க்கு எடுத்துப் பயன்படுத்தித் தொற்றுக்கு ஆளானதும், நாப்கின் மலிவாகக் கிடைத்ததும் வேலைக்கு வராத நாள்கள் குறைந்ததும் இப்பணியின்போது பதிவாயின. திருப்பூரில் 1993 முதல் செயல்படும் சேவ் போன்ற தொண்டு அமைப்புகள், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பில் தொடங்கி, நூற்பாலைப் பெண்கள், புலம்பெயர்ந்தோர் என்று தங்கள் பணியை விரித்தன. மதிய உணவு முடிந்த இருபது நிமிடத்தில், கேண்டீன் மேசையைச் சுற்றி, பட அட்டையைக் காட்டிச் சக தொழிலாளி ஒருத்தி பேசும் இக்கூட்டங்களில் நிகழும் மாற்றம் உண்மையானது: வெள்ளைப்படுதல் எல்லாருக்கும் வருவதா, எது நோய், முருங்கைக்கீரையும் இரும்புச் சத்து மாத்திரையும் எதற்கு, இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டு அட்டையை வைத்து எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்பன அங்கே முதன்முறையாக உரக்கக் கேட்கப்படுகின்றன. ஆனால் வாங்குபவர் தணிக்கைக்கு வரும் நாளில் பூட்டுத் திறக்கப்பட்டுச் சோப்பும் வாளியும் வைக்கப்படும் கழிப்பறை, மறுநாள் மீண்டும் பூட்டப்படுமானால், அந்தக் கூட்டத்தில் கற்றது அங்கேயே நின்றுவிடும்.

இந்த முட்டுக்கட்டையைத் தகர்க்கும் வழி ஒன்றைப் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் காட்டியது. திண்டுக்கல் அருகே ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து நடந்த போராட்டத்தின் முடிவில், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், அந்த ஆலையை நடத்திய, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாலின வன்முறையைத் தடுப்பதற்கான ஒப்பந்தம் அது. மாதவிடாய் அதன் மையப் பொருள் அன்று. ஆயினும் இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் தொழிலாளப் பெண்களையே கண்காணிப்பாளர்களாக அமர்த்தும் அதன் ஏற்பாடு, கழிப்பறைக்குப் போனவளைத் திட்டும் குரலும் துன்புறுத்தலின் ஒரு பகுதியே என்று சொல்லக்கூடிய இடத்தை லைனுக்குள்ளேயே உண்டாக்கியது. கருத்தரங்கில் கேட்ட அறிவுரையைவிட, பக்கத்து எந்திரத்தில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இப்பெண்களுக்குப் பெரிய துணை.

பயன்படுத்திய நாப்கின் எங்கே போகிறது என்பது இன்னும் தீராத சிக்கல். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றும், தயாரிப்பவர்கள் அதற்கான உறை தர வேண்டும் என்றும் கூறின. பெரிய கம்பெனிகள் சிலவற்றில் எரிப்பான் எந்திரம் உண்டு. லைன் வீட்டில் தங்கியிருப்பவளோ பொதுக் கழிப்பறைக் குழாயில் போட்டால் அடைத்துக்கொள்ளும், குப்பையில் போட்டால் நாய் இழுத்து வெளியே போடும் என்ற அச்சத்தில் இருட்டிய பின் காலி மனைக்கோ நொய்யல் ஓடைக்கோ கொண்டுபோய் எறிகிறாள். அதைக் கையால் பொறுக்கிப் பிரிப்பவர் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர். அவரும் பெரும்பாலும் பெண்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து இளம்பெண்கள் திறன் பயிற்சித் திட்டங்களின் வழியாகத் திருப்பூர் விடுதிகளுக்கு வந்து சேர்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கிராமச் செவிலியரின் பேச்சும், நாப்கின் பொதியின் மேல் அச்சடித்த குறிப்பும், இஎஸ்ஐ மருந்தகத்துப் பலகையும் அவர்களுக்கு எட்டுவதில்லை. அதே வேளையில் ஒடிசாவிலிருந்து வரும் பெண்கள் ஜூன் நடுவில் ரஜ என்னும் திருநாளைக் கொண்டாடும் ஊர்களைச் சேர்ந்தவர்கள். பூமித்தாய் விலக்காகிறாள் என்று அந்த மூன்று நாளும் அங்கே நிலத்தில் ஏர் பூட்டுவதில்லை. பெண்கள் வீட்டு வேலையிலிருந்து விடுபட்டு, புத்தாடை உடுத்தி, ஊஞ்சல் ஆடுகிறார்கள். மாதவிடாயை மறைக்காமல் ஊரே கூடிக் கொண்டாடும் மரபிலிருந்து வருபவர்களுக்கு, அது வெட்கப்பட வேண்டியதன்று என்று தமிழில் வகுப்பு எடுப்பதைக் காட்டிலும், அவர்கள் மொழியில் பேசும் ஒரு செவிலியரை விடுதிக்கு அமர்த்துவதும், குளியலறைக் குழாயில் இரவு ஷிப்டு முடிந்து வரும் நேரத்திலும் நல்ல தண்ணீர் வரச் செய்வதும், லைனில் ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் உட்கார மாற்று டெய்லர் ஒருவரை வைப்பதுமே இன்று திருப்பூர் செய்ய வேண்டிய வேலை. ஏற்றுமதி 30 ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்துவிட்ட ஊருக்கு இதற்கான பணம் இல்லாமல் இல்லை.